கடமைக்குப் போனவரின் வேளாண்மை

என் தங்கை சுபைறாவின் கணவர் அபூசாலியைப் பற்றி எங்கள் கல்முனைக்குடியில் யாரிடம் கேட்டாலும் "தங்கமான மனிசன்" என்றுதான் சொல்வார்கள். அதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தங்கமாக இருந்து என்னத்தைக் கண்டார்? அவரோடு படித்தவர்கள் கடை போட்டார்கள், கட்டாருக்குப் போனார்கள், மாடி கட்டினார்கள். இவர் பதினெட்டு வயதில் ஒரு துவக்கைத் தோளில் போட்டவர், ஐம்பத்திரண்டு வயதிலும் அதை இறக்கவில்லை. முழுநேரப் பட்டாளம் என்றாலும் பரவாயில்லை. இவருடையது அரைநேரக் காவல் படை. நாலு நாள் கடமை, நாலு நாள் வீடு. ஊரில் இன்னும் ஹோம்காட் என்றுதான் சொல்கிறார்கள்.

தொண்ணூறாம் ஆண்டு, பள்ளிவாசலுக்குத் தொழப் போகவே சனம் பயந்த சண்டைக் காலத்தில், தெருவுக்கு நாலு பேர் என்று வாலிபர்களைப் பிடித்துத் துவக்குச் சுடப் பழக்கினார்கள். பகலில் உங்கள் வேலையைப் பாருங்கள், இரவில் உங்கள் ஊரைப் பாருங்கள், கொஞ்ச நாளைக்குத்தான் என்றார்கள். அந்தக் கொஞ்ச நாள் முடியவே இல்லை. சண்டை முடிந்த பிறகு சீருடை கொடுத்தார்கள். யானை வேலிக்குக் காவல், பரீட்சை நடக்கும் பள்ளிக்கூடத்துக்குக் காவல், வெள்ளம் வந்தால் மண்மூட்டை அடுக்குவது, தேர்தல் வந்தால் வாக்குப்பெட்டிக்குக் காவல் என்று எங்கே ஆள் தேவையோ அங்கே இவர்களை ஏற்றி இறக்கினார்கள். சம்பளமும் இருந்தது, இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் அந்தச் சம்பளம் எங்கே போனது என்று கேளுங்கள்.

இறக்காமம் வட்டையில், அதுதான் வயல்வெளியில், இவருக்கு வாப்பா வழியில் வந்த மூன்று ஏக்கர் வயல் இருக்கிறது. வயலுக்கு நாலு நாள் வேலை, நாலு நாள் லீவு என்று கிடையாது. தண்ணீர் முறை இவர் கடமையில் நிற்கிற அன்றைக்குத்தான் வரும். பூச்சி விழுந்தால் அன்றைக்குத்தான் மருந்தடிக்க வேண்டும். ஆகவே இவர் இடத்தில் கூலிக்கு ஒரு ஆள் நிற்பார். அந்த ஆளின் ஒருநாள் கூலி, இவருடைய ஒருநாள் சம்பளத்தைவிடக் கூட. இதுபோக பஸ் காசு. படை கொடுத்த சப்பாத்து காலைக் கடித்ததால் சொந்தக் காசில் வாங்கிய சப்பாத்து. முகாம் குசினியில் இறைச்சி எப்படிப்பட்டதோ என்ற சந்தேகத்தில் கடையில் வாங்கித் தின்ற சோற்றுப் பார்சல். சீருடைக்குத் தையல் கூலி மட்டும்தான் இல்லை, ஏனென்றால் அந்தக் காற்சட்டைகளின் கவட்டைக் கிழிசல்களையெல்லாம் என் மெசினில் சும்மா தைத்துக் கொடுத்தது நான்.

எங்கள் தம்பி முனாப் பஸாரில் ஆணி, பெயின்ற் விற்கிறவன், வாயும் கொஞ்சம் நீளம். "மச்சான், நீங்க கடமைக்குப் போறத்துக்கு நாங்கதான் அரசாங்கத்துக்குச் சம்பளம் குடுக்கிறம் போல கிடக்கு" என்று நக்கலடிப்பான்.

"அப்பிடிக் கணக்குப் பாத்தா ஏலுமா முனாப்? ஆரும் நிக்கத்தானே வேணும்" என்று இவர் சிரிப்பார். அந்தச் சிரிப்பைப் பார்க்கவே எனக்குக் கோபம் வரும். ஒரு தரம் சம்மாந்துறையில் அரிசி மில் முதலாளி ஒருவர் இவருடைய நேர்மையைக் கேள்விப்பட்டு, மில்லைப் பார்த்துக்கொள்ளக் கூப்பிட்டார். நல்ல சம்பளம். "ஒவ்வொரு நாளும் வர ஏலுமா தம்பி?" என்று கேட்டார். ஏலாது என்று சொல்லிவிட்டு வந்தார் என் தங்கையின் மனிசன்.

இவருக்கு இரண்டு பெண் பிள்ளைகள். மூத்தவள் பஸ்மினா, இளையவள் சிபானா. எங்கள் பக்கத்தில் பெண் பிள்ளை பிறந்தால் அன்றைக்கே கல்லும் மண்ணும் யோசிக்க வேண்டும். நிக்காஹுக்கு முன்னால் பெண்ணுக்கு ஒரு வீடு கட்டி அவள் பெயருக்கு எழுத வேண்டும், மாப்பிள்ளை அந்த வீட்டுக்குத்தான் வந்து இருப்பார். இது சரியா பிழையா என்று பள்ளிவாசலில் பயான் வைக்கிறார்கள். பயான் வைக்கிறவர்களும் தங்கள் மகனுக்கு வீட்டோடுதான் பெண் எடுக்கிறார்கள். எனக்கும் சுபைறாவுக்கும் எங்கள் வாப்பா ஒரே வளவில் பக்கத்துப் பக்கத்தில் வீடு தந்தார். சுபைறாவின் வீட்டுக்குப் பின்னால் கிடந்த துண்டு நிலத்தில்தான் பஸ்மினாவுக்குப் புது வீடு எழும்பியது. எழும்பியது என்றால், சுவர் மட்டும். போகத்துக்குப் போகம் வயலில் மிஞ்சியதைக் கொண்டுவந்து கல்லாக அடுக்கினார். கூரையும் கதவும் ஜன்னலும் பாக்கி.

பஸ்மினாவுக்கு நிந்தவூரிலிருந்து இன்ஸாப் என்ற பொடியனைப் பேசி முடித்தோம். வயரிங் வேலை செய்கிறவன், தங்கமான பிள்ளை, பஸ்மினாவுக்கும் பிடித்துப் போனது. அவனுடைய உம்மா வந்து சுவரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "சிறுபோகம் வெட்டினதும் கூர போட்டிருவீங்கதானே?" என்று கேட்டார். அபூசாலி நெஞ்சைத் தொட்டு, "இன்ஷா அல்லாஹ் போட்டிருவன்" என்றார். நெல் வெட்டு முடிந்து மூன்றாம் கிழமை நிக்காஹ் என்று நாளும் வைத்தாயிற்று. பஸ்மினா கைப்பேசியில் கதவு டிசைன் பார்க்கத் தொடங்கினாள். கூரை ஏறாவிட்டால் அந்தப் பிள்ளையின் கலியாணம் நின்றுவிடும் என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

இவர் ஒன்றும் யோசிக்காத ஆள் இல்லை. வெட்டுக் கிழமையில் வீட்டில் நிற்க வேண்டும் என்று நாலு மாதம் முன்பே வழி பார்த்து வைத்திருந்தார். இவரோடு ஒரே முகாமில் இருக்கிற சாமித்தம்பி காரைதீவு ஆள். வைகாசியில் கண்ணகி அம்மன் குளிர்த்தித் திருவிழா நடந்தபோது, சாமித்தம்பியின் கடமை நாட்களையும் சேர்த்து இவரே நின்றார். பதிலுக்கு வெட்டுக் கிழமையில் இவருடைய நாட்களைச் சாமித்தம்பி நிற்க வேண்டும். இவர்களுக்குள் இந்தக் கைமாற்று எப்போதும் உண்டு. பெருநாளுக்கு அவர் நிற்பார், அவருடைய திருவிழாவுக்கு இவர் நிற்பார். ஒரு நாளும் பிசகியது இல்லை.

அந்த முறை வெட்டுக் கிழமையிலேயே தேர்தல் வந்து விழுந்தது. எல்லா லீவும் ரத்து, மாறி நிற்கிற கதையெல்லாம் கிடையாது, ஒவ்வொருவரும் வந்தே ஆக வேண்டும் என்று உத்தரவு. சாமித்தம்பி என்ன செய்வார் பாவம், அவரையும்தான் ஏற்றிக்கொண்டு போனார்கள். அபூசாலியை உகண பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள்.

வியாழக்கிழமை வெட்டு மெசின் வட்டைக்கு வந்தது. முனாப் என் வீட்டில் இருந்தபடியே அவருக்குப் போன் போட்டான்.

"மச்சான், மெசின் வந்திட்டு. பக்கத்து வயலெல்லாம் வெட்டுறாங்க. நான் போய் நம்மடத வெட்டிக் கொண்டு வாறன். நீங்க பேசாம கடமையப் பாருங்க."

"வேணாம் முனாப்" என்றார் இவர். "நான் ஞாயித்துக்கிழம நேரா வட்டைக்கு வாறன். மெசின்காரன்ட சொல்லு, அண்டைக்குத் திரும்பி வரட்டும். ஸகாத்த நான் நிண்டு அளக்கணும்."

அதுதான் இவருடைய வழக்கம். வெட்டிய நெல்லைக் களத்தில் கொட்டி, மரைக்காலைத் தன் கையில் பிடித்து, ஏழைகளின் பங்கை முதலில் அளந்து வைப்பார். அதற்கென்றே சனம் களத்துக்கு வந்து குந்தியிருக்கும். அது போன பிறகுதான் ஒரு மூட்டையையாவது கட்ட விடுவார். இவருடைய வாப்பாவும் அப்படித்தான் செய்தாராம்.

நான் போனைப் பிடுங்கினேன். "ஏன் மச்சான், முனாப் அளந்து குடுத்தா அல்லா ஏத்துக்க மாட்டானாமா?"

"இல்ல மதினி, அது என்ட பொறுப்பு. அல்லாட பங்க நான் பிரிச்சாத்தான் மிச்சம் எனக்கு மனசோட ஹலால். மூணு நாள்தானே."

"மூணு நாளைக்கு வர வேணாமெண்டு ஆனைக்கிட்டச் சொல்லி வெச்சிரிக்கீங்களா?"

சிரித்தார். "வயல் வாடியில காவலுக்கு ஆள் இரிக்கி மதினி. நானே காசு குடுத்துத்தானே வெச்சிரிக்கன்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்குப் போனை மெசினில் வைத்துத் தைத்திருப்பேன். புருஷனை எதிர்த்து ஒரு சொல் சொல்லத் தெரியாது சுபைறாவுக்கு. முனாப் மெசின்காரனைத் திருப்பி அனுப்பினான்.

வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் அந்த வயல்கண்டத்தில் வெட்டாமல் நின்றது இவருடைய மூன்று ஏக்கர் மட்டும்தான். மறுநாள் வாக்களிப்பு. வட்டையில் காவல் நின்றவர்களெல்லாம் ஓட்டுப் போட ஊர் ஊராகப் போய்விட்டார்கள். இவர் காசு கொடுத்து வைத்த ஆளும் போய்விட்டான். அவன் சுகமாக ஓட்டுப் போட வேண்டும் என்றுதான் இவர் அங்கே ஒரு பள்ளிக்கூடத்து மதிலுக்குக் காவல் நின்றார். இதை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வருகிறது, கல்லில் தலையை முட்டிக்கொள்ளவும் தோன்றுகிறது.

சனிக்கிழமை காலையில், வயல்வெளிக்குப் பொறுப்பான வட்டவிதானை முனாப்புக்குப் போன் பண்ணினார். நான், சுபைறா, முனாப் மூன்று பேரும் ஓட்டோவில் போனோம். சுற்றிவர வெட்டிய வயல்கள் மொட்டையாகக் கிடந்தன. நடுவில் நம்முடையது சேறாகக் கிடந்தது. ஆனைகள் தின்றது கொஞ்சம், மிதித்தது மீதி. கதிரோடு தாள்கள் சேற்றுக்குள் புதைந்து, ஒவ்வொரு காலடிக் குழியிலும் தண்ணீர் நின்றது. மேற்கு மூலையில் ஒரு சின்னத் துண்டு மட்டும் எப்படியோ தப்பி நின்றது.

சுபைறா வரம்பில் குந்தினாள். அழவில்லை.

"என்ட கதவெல்லாம் போயிட்டே ராத்தா" என்றாள். "ஜன்னலும் போயிட்டு."

"எழும்புகா. வீட்ட போவம்."

அவள் எழும்பி வயலுக்குள் இறங்கினாள். சேற்றிலிருந்து ஒவ்வொரு கதிராகப் பொறுக்கி மடியில் போடத் தொடங்கினாள். விடுகா, விடுகா என்று கத்திப் பார்த்தேன், கேட்கவில்லை. கடைசியில் நானும் சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினேன். வேறென்ன செய்வது? என் கூடப்பிறந்தவள்.

அவருக்கு அறிவிக்க வேண்டாம் என்று சுபைறா முனாப்பிடம் சொல்லிவிட்டாள். "துவக்கோட நிக்கிற மனிசன். கேட்டா என்ன செய்வாரோ." அதனால் ஞாயிற்றுக்கிழமை அபூசாலி ஒன்றும் தெரியாமலேயே, வீட்டுக்குக்கூட வராமல், இறக்காமத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி நேராக வட்டைக்குப் போனார். கூடவே சாமித்தம்பியும் போயிருந்தார், மூட்டை தூக்கிக் கொடுத்துத் தன்னுடைய கைமாற்றுக் கடனைக் கழிப்பதற்காக. முனாப் ஓடிப் போய்ச் சேர்ந்தபோது இரண்டு பேரும் சீருடையோடு வரம்பில் நின்றார்களாம். சாமித்தம்பிதான் அழுதாராம்.

"ஒங்கட நாள நான் நிண்டிருந்தா இது நடந்திருக்குமா அபூசாலி? நான் கழிக்க வந்த நாள இனி எங்க போய்க் கழிக்கிற?"

இவர் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, தப்பி நின்ற அந்த மூலையைக் கத்தியால் அறுக்கத் தொடங்கினார். சாமித்தம்பியும் இறங்கினார். அடித்துத் தூற்றிப் பார்த்தால் இரண்டு மூட்டை தேறியது. வழக்கமாகக் களத்துக்கு வருகிற விதவைப் பெண் ஒருத்தி தூரத்தில் நின்றாள், கேட்கவும் வெட்கம், போகவும் மனமில்லை. இவர் அவளைக் கூப்பிட்டு மரைக்காலால் அளந்து அவள் பையில் கொட்டினார். இவ்வளவு குறைந்த விளைச்சலுக்கு ஸகாத் கடமையே இல்லை, எந்த மௌலவியும் சொல்வார். இதை முனாப் வந்து சொன்னபோது நான் வாய்க்கு வந்தபடி ஏசினேன். ஏசி முடிந்ததும் எனக்கே அழுகை வந்துவிட்டது.

அதிகாரிகள் வந்து நட்டஈட்டுக்கு எழுதிக்கொண்டு போனார்கள். வந்தால் வரும். அதை நம்பிக் கூரை போட முடியுமா?

அடுத்த கிழமை இன்ஸாப்பின் உம்மா வந்தார். நல்ல மாதிரியாகத்தான் கதைத்தார். ஆனைக்கு ஏசினார், ரெண்டு சொட்டுக் கண்ணீரும் விட்டார். பிறகு பின்வளவில் நின்ற மொட்டைச் சுவரைப் பார்த்தபடி, "அவசரமில்ல. வீடு முடியட்டும், அதுக்குப் பொறகு கதைப்பமே" என்றார். எங்கள் ஊரில் அதற்கு என்ன அர்த்தம் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பொடியனுக்கு வேறு இடம் பார்க்கப் போகிறார்கள். உள்ளே பஸ்மினா கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

நாலாம் நாள் சுபைறா என்னிடம் வந்தாள். "ராத்தா, என்ட வீட்ட பஸ்மினாக்கு எழுதப் போறன்."

"உனக்குப் பைத்தியமாகா? அது வாப்பா உனக்குத் தந்த வீடு. நீங்க எங்க போய்க் கிடக்கிற?"

"பின்னால சுவர் இரிக்கிதானே. ஒரு அறைக்குத் தகரம் போட்டாப் போதும்."

"சிபானாக்கு?"

அபூசாலியைப் பார்த்தேன். சாறனை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றார். "நீங்க ஒண்டும் சொல்ல மாட்டீங்களா மச்சான்?" என்று கத்தினேன்.

"வாக்குக் குடுத்திட்டன் மதினி" என்றார்.

எழுதிக் கொடுத்தார்கள். சொன்ன நாளில் நிக்காஹ் நடந்தது. பிரியாணியும் போட்டார்கள், அதுவும் கடன். வந்தவர்களெல்லாம் வீட்டைப் பார்த்து "நல்ல காத்தோட்டம்" என்றார்கள். முதல் நாளே கட்டில், பாய், சுபைறாவின் அலுமாரி எல்லாவற்றையும் பின்னால் இருந்த தகர அறைக்கு மாற்றியிருந்தோம். அலுமாரி வாசலுக்குள் நுழையவில்லை. வெளியே நிறுத்தி, மேலே பொலித்தீன் போட்டுக் கட்டினோம்.

கலியாணத்துக்கு அடுத்த கிழமை, ஒரு நாள் சுபஹுத் தொழுதுவிட்டு நான் வாசல் கூட்டிக்கொண்டிருந்தேன். அபூசாலி கடமை முடிந்து வந்தார். பழக்கத்தில் தன் வீட்டுக் கேற்றைத் திறந்து, முன்கதவு வரைக்கும் போய், கையையும் தூக்கிவிட்டார். தூக்கிய கையை அப்படியே இறக்கினார். சப்பாத்துச் சத்தம் கேட்காமல் மெதுவாகப் பின்வாங்கி வந்தார்.

"என்ன மச்சான்?" என்றேன்.

"மருமகன் எழும்பிருவாரு" என்று இரகசியமாகச் சொன்னார். என் வளவுக்குள்ளால் சுற்றிக்கொண்டு பின்னால் போனார். நான் விளக்குமாற்றைப் போட்டுவிட்டுக் கூடவே போனேன்.

தகர அறை வாசலில் சிபானா இருந்து படித்துக்கொண்டிருந்தாள். பதினாறு வயது. வாப்பா வருவதைக் கண்டதும் புத்தகத்தை மூடினாள். அவர் அலுமாரியில் சாய்ந்துகொண்டு நாலு நாள் போட்டிருந்த சப்பாத்தைக் கழற்ற முயன்றார். கால் வீங்கிக் கழலவில்லை. அவள் குந்திக்கொண்டு கயிற்றை அவிழ்த்துவிட்டாள்.

"வாப்பா, இந்த வேலைய விடுங்களன்" என்றாள். "வயல மட்டும் பாருங்க. நீங்க வயல்ல நிண்டிருந்தா ராத்தாட வீடு முடிஞ்சிருக்கும்."

"விட்டா ஒனக்கு எப்பிடி மகள் வீடு கட்டுற?"

"எனக்கு வீடு வேணாம்."

"வீடில்லாம ஒன்ன ஆரு கேட்டு வருவாங்க?"

"வராட்டிப் போகட்டும்."

அடி செருப்பால, என்ன கதை இது என்று அதட்ட வாயைத் திறந்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டேன். அந்தப் பிள்ளை கோபத்தில் சொல்லவில்லை. உட்கார்ந்து யோசித்து, முடிவெடுத்துச் சொல்கிற மாதிரி சொன்னாள்.

அபூசாலி மகளின் தலையில் கை வைத்தார்.

"இனி விட ஏலா மகள்" என்றார். "போன திங்கள் பேங்குக்குப் போயிட்டன். ஒனக்குக் கூர போட, சம்பளத்துல அஞ்சு வருஷத்துக்குக் கடன் எடுத்திட்டன்."